ஆரணி மூட்டை

"இன்னிக்கும் சுண்டைக்காயா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று ரகுராம் உடனே நினைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு சுண்டைக்காய் வத்தக்குழம்பு. நேத்து சுண்டைக்காய்ப் பொடி. ரெண்டும் வேற வேற" என்றாள் மனைவி இளவேனில். "உங்க அம்மா அனுப்பினதுதான். ரொம்பப் பிடிக்கும்னு சொல்லிச் சொல்லி வாங்கி வச்சது நீங்கதானே."

பிடிக்கும் என்று சொன்னது உண்மைதான். ஆசையாகப் போட்டு அனுப்புகிற அம்மாவிடம் எந்தப் பிள்ளை பிடிக்காது என்று சொல்வான்? ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த நாள் முதல் அவ்வப்போது பஸ்ஸில் ஒரு பார்சல் வந்துகொண்டே இருந்தது. வற்றல், வடகம், பருப்புப் பொடி, புளி, மோர் மிளகாய். வந்ததை அப்படியே பரணில் ஏற்றிவிட்டு, இருவரும் போனில் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டார்கள். "பொடி போட்டு சாப்புட்றீங்களா?" என்று அம்மா கேட்டால், "சூப்பர்மா" என்பான் ரகுராம், வாயில் பிரியாணியோடு.

இப்போது பிரியாணி நின்றுவிட்டது. ரகுராமின் கம்பெனி அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. எச்.ஆர். பெண் வீடியோ காலில் வந்து, "நீங்க எங்க ஃபேமிலி மாதிரி ரகுராம்" என்று சிரித்தமுகமாகத் தொடங்கியபோதே அவனுக்கு முடிவு தெரிந்துவிட்டது. இளவேனில் மழலையர் பள்ளி ஒன்றில் பாட்டும் படமும் சொல்லிக்கொடுத்து வாங்குகிற சம்பளம், லிங்கராஜபுரத்து வீட்டு வாடகைக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று மாலையே அவள் ஸ்டூல் போட்டுப் பரணில் தலையை விட்டாள்.

"அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் கடையில பால் மட்டும்தான். மத்ததெல்லாம் இதுல இருந்துதான்" என்று தூசிக்கு நடுவிலிருந்தே சட்டம் போட்டாள்.

சட்டத்துக்கு இரண்டாவது பிரிவும் உண்டு. அதைப் போட்டவன் ரகுராம். ஆரணிக்கு விஷயம் தெரியக் கூடாது. அப்பா இராஜமாணிக்கத்துக்குப் போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதிர்ச்சியான செய்தி எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். மகனுக்கு வேலை போனதைவிட அதிர்ச்சியான செய்தி அந்த வீட்டில் வேறு என்ன இருக்க முடியும்?

மாதாமாதம் ஊருக்கு அனுப்பிவந்த பணத்தை நிறுத்தத்தான் ஒரு பொய் தேவைப்பட்டது.

"பேங்க்ல ஏதோ கேஒய்சி பிரச்சினைம்மா. அக்கவுன்ட்ட முடக்கி வச்சிருக்காங்க. சரியானதும் மொத்தமா அனுப்பறேன்."

"அதுக்கென்னப்பா. நாங்க என்ன இல்லாமயா கெடக்கறோம்? மெதுவா அனுப்பு" என்றாள் அம்மா சாந்தகுமாரி.

அந்தப் பணத்தில்தான் அங்கே வாடகையும் மாத்திரையும் நடந்தன. ஆனால் ஆரணி வீட்டுக்காரர் அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள மாட்டாரா என்று ரகுராம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்த மாதிரி சமாதானங்களுக்குக் கேஒய்சி எதுவும் கேட்பதில்லை.

பரண் மெல்ல மெல்லக் காலியானது. சாப்பிடச் சாப்பிட இளவேனிலுக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. காலாவதியான சேமியாவைக்கூட அவள் விடவில்லை. வறுத்தாள், அரைத்தாள், எதிலோ கலந்தாள். என்ன சாப்பிடுகிறோம் என்று ரகுராம் கேட்பதை நிறுத்திவிட்டான். நேர்முகத் தேர்வுகளில் "உங்கள் பலம் என்ன?" என்று கேட்டபோதெல்லாம், மோர் மிளகாய் என்று சொல்ல அவனுக்கு வாய் துறுதுறுத்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தவறு நடந்தது.

"பருப்புப் பொடி இருக்குதாப்பா?" என்று அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"தீர்ந்துபோச்சும்மா."

பருப்புப் பொடி விஷயத்தில் அவன் அம்மாவிடம் சொன்ன முதல் உண்மை அது.

"மோர் மெளகா?"

"அதுவும்தான்."

"அப்ப நல்லா சாப்புட்றீங்க" என்றாள் அம்மா. அவள் குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. "சரி, இங்க நெறைய கெடக்குது. இத்தெல்லாம் வெச்சிக்கினு நாங்க ரெண்டு பேரும் என்னா பண்ணப்போறோம்? போட்டு அனுப்பறேன்."

"பார்த்தியா, அம்மா அழுதுட்டாங்க" என்றான் ரகுராம், போனை வைத்துவிட்டு இளவேனிலிடம். அவனுக்கு இத்தனை நாள் பொய் சொன்னதற்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே கலாசிப்பாளையம் பஸ் பார்சல் ஆபீஸிலிருந்து போன் வந்து, ரகுராம் போனான். அங்கே பார்சல் எடுத்துக்கொடுக்கிற வெங்கி, ஒரு சாக்கு மூட்டையைக் காட்டினான். வழக்கமாக வருவது அட்டைப் பெட்டி. இது ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத மூட்டை.

"சிக்காபட்டே வெயிட்டு சார், தூக்கவே முடியல" என்றான் வெங்கி. "டு பே போட்டிருக்காங்க. கூலி நீங்கதான் கட்டணும்."

முன்பெல்லாம் கூலியை அம்மாவே அங்கே கட்டிவிடுவாள். மகன் பெரிய சம்பளக்காரன் என்ற உரிமை வந்துவிட்டது போல என்று நினைத்து, ரகுராம் கட்டினான். ஆட்டோ கேட்ட தொகைக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். அதனால் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிட்டி பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் மூட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"லக்கேஜ் டிக்கெட் தகொள்ளி" என்றார். மூட்டைக்கும் ஒரு டிக்கெட் வாங்கினான்.

மூட்டையில் இலவசமாக வந்த துவரம்பருப்பு, வீடு வந்து சேர்ந்தபோது கடைப் பருப்பைவிட விலை ஏறியிருந்தது.

"இது மிச்சம் பண்றதில்ல, செலவு பண்றது" என்றாள் இளவேனில். "இனிமே அனுப்ப வேணாம்னு சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படுவாங்க."

"டாக்டர் உங்களை வெயிட் குறைக்கச் சொன்னார்னு சொல்லுங்க. அரிசி, பருப்பு, எண்ணெய் எதுவும் கூடாதுன்னு."

ரகுராம் சொன்னான். அடுத்த மூட்டையில் கொள்ளு, கம்பு, கேழ்வரகு மாவு, வெந்தயம். "ஒடம்பு எளைக்கறதுக்கு இதான்பா மருந்து. நானே வெச்சிருந்தேன்" என்று அம்மா போனில் விளக்கம் சொன்னாள். இந்த மூட்டை முதல் மூட்டையைவிடக் கனம். வீடு முழுக்கக் கொள்ளு வாசம் சுற்றியது. அதைச் சாப்பிட்டுவிட்டு ஆன்லைன் இன்டர்வியூவில் உட்கார்ந்த ரகுராம், நாற்காலியில் நெளிந்த நெளிவைப் பார்த்து, "ஆர் யூ கம்ஃபர்ட்டபிள்?" என்று எதிரே இருந்தவர் கேட்டார். அந்த வேலையும் வரவில்லை.

"கீழ வீணா ஆன்ட்டிக்குக் கொஞ்சம் கொடுத்துடலாம்" என்றாள் இளவேனில். வீணா ஆன்ட்டி, கீழ்த்தளத்தில் இருக்கிற வீட்டு உரிமையாளர் கிருஷ்ணப்பாவின் மனைவி.

ஒரு டப்பா நிறையக் கம்பும் ஒரு டப்பா புளியும் கீழே போயின. வாங்கிய டப்பாவை வெறுமனே திருப்பித் தருவது வீணா ஆன்ட்டி வீட்டில் வழக்கமில்லை. இரண்டு டப்பாவும் அவரைப் பருப்போடும் சாம்பார்ப் பொடியோடும் மேலே திரும்பின. இளவேனில் வளர்ந்த வீட்டிலும் அந்த வழக்கம் இல்லை. வீணா ஆன்ட்டி தந்த ஸ்டீல் கிண்ணத்தை அவள் வடகம் போட்டுத் திருப்பினாள். அது கடலைப் பருப்போடு வந்தது. இரண்டு வாரம் படிக்கட்டில் கிண்ணங்கள் ஏறி இறங்கியதில், பரணில் ஒரு கைப்பிடிகூடக் குறையவில்லை.

"இதுக்கு ஒரே வழி எலிதான்" என்றான் ரகுராம்.

அன்று இரவே ஆரணிக்குப் போன் போட்டான். "பரண்ல எலி புகுந்துடுச்சும்மா. சாக்கு, அட்டை, பிளாஸ்டிக் எல்லாத்தையும் கடிச்சு நாசம் பண்ணுது. நீ அனுப்பறதெல்லாம் வீணாப் போகுது. கொஞ்ச நாளைக்கு எதுவும் வேணாம்."

"அய்யோ பாவம்" என்றாள் அம்மா. "சரிப்பா, நான் பாத்துக்கறேன்."

அம்மா பார்த்துக்கொண்டாள். அடுத்து வந்தது மூட்டை அல்ல. அரிசியோடு ஒரு எவர்சில்வர் டிரம். எண்ணெயோடு ஒரு தூக்கு. ஊறுகாய், பழைய பீங்கான் ஜாடியோடு. மூடி இறுகிய மூன்று பித்தளைச் சம்புடங்களில் மிளகு, சீரகம், கடுகு.

"எலி பல்லு ஒடஞ்சிடும் பாரு" என்றாள் அம்மா போனில். பின்னால் அப்பா எதற்கோ இருமுவது கேட்டது.

"பாத்திரத்தையெல்லாம் அனுப்பிட்டா நீங்க எதுல வச்சிப்பீங்க?"

"எங்களுக்கு எதுக்குப்பா அவ்ளோ பாத்திரம்?"

வெங்கி ஒரு தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டு, டிரம்மை ஆட்டோவில் ஏற்றிக் கட்டிக்கொடுத்தான். "இன்னா சார், ஊர்ல இருந்து சமையக்கட்டையே பேத்து அனுப்பறாங்களா?" என்றான். ரகுராம் சிரிக்கவில்லை. ஆட்டோ மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

டிரம் படியேறும் சத்தம் கேட்டு கிருஷ்ணப்பா வெளியே வந்தார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு டிரம்மை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஏன்ப்பா ரகுராம், மேல எலி வந்திருக்காமே. போன்ல சொல்லிட்டிருந்தே, கிச்சன் ஜன்னல்ல கேட்டுச்சு. நமக்கு ஒரு மாத்து, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இல்ல சார், அது வந்து, சும்மா அம்மாகிட்ட..."

"சும்மாவா? நாளைக்கே பூச்சி மருந்துக்காரங்க வர்றாங்க. செலவு பாதி நீ, பாதி நான். நியாயம்தானே?" என்றவர் ஜாடியையும் சம்புடங்களையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். "ஊர்ல பெரிய பண்ணையம் போல. மழை நல்லாப் பேஞ்சிருக்கு. சந்தோஷம்ப்பா. அக்ரிமென்ட் முடியுது பாரு, இந்த வாட்டி வாடகை ஸ்வல்ப ஏத்தலாம்னு இருக்கேன். உனக்கு அது ஒரு கணக்கா?"

இல்லாத எலிக்கு மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நாற்றத்தில் இரண்டு நாள் சமைக்க முடியவில்லை. பரண் நிறைய அரிசியும் பருப்பும் இருக்க, இருவரும் கடையில் பன் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பன்னைப் பாலில் தோய்த்தபடி இளவேனில் அழ ஆரம்பித்தாள். "எனக்கு முடியலைங்க. உங்க அம்மா இந்த வயசுல வெயில்ல உக்காந்து இதெல்லாம் போட்டு அனுப்பறாங்க. நான் தினமும் அவங்களை மனசுக்குள்ள திட்டிட்டிருக்கேன். உண்மையச் சொல்லிடுங்க."

"சொன்னா அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்."

"அப்ப வர்றதையாவது நிறுத்துங்க."

அதுதான் கடைசி வழியாகத் தெரிந்தது. அம்மாவிடம் சொல்லி எதுவும் நடக்காது. சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மூட்டை வந்து சேர்ந்ததுதான் மிச்சம். நிறுத்த வேண்டிய இடம் ஆரணி இல்லை, கலாசிப்பாளையம். அங்கேயே மறித்துத் திருப்பிவிட்டால், ஆள் ஊரில் இல்லை என்று அம்மா நினைத்துக்கொள்வாள். பிறகு ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தேன் என்று சொல்லிவிடலாம். வேலை கிடைத்ததும் எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொல்லி, காலில் விழுந்துவிடலாம்.

மறுநாள் ரகுராம் பார்சல் ஆபீஸுக்குப் போனான். வெங்கி ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்" என்றான்.

"இரு வெங்கி, நான் முதல்ல சொல்லிடறேன். இனிமே ஆரணியில இருந்து என் பேருக்கு எது வந்தாலும் சரி, என்னைக் கூப்பிடாதே. வாங்கிக்க ஆள் இல்லைன்னு எழுதி அப்படியே திருப்பி அனுப்பிடு. திருப்பற கூலி என்னன்னு சொல்லு, இப்பவே கட்டிடறேன்."

"எது வந்தாலுமா சார்?"

"எது வந்தாலும். வீட்டுல இனிமே ஒரு பிடி வைக்க இடமில்ல."

வெங்கி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"உங்க அம்மா டிக்கெட் போட வந்தப்ப சொன்னாங்கன்னு ஆரணி ஆபீஸ்ல இருந்து இப்பதான் போன் பண்ணாங்க சார். வாடகை கட்ட முடியாம வீட்டைக் காலி பண்ணிட்டாங்களாம், சாமானெல்லாம்தான் உங்களுக்கு வந்து சேர்ந்தாச்சே, நாளைக்கு வண்டில உங்க அப்பாவும் அம்மாவும் வர்றாங்க. அவங்களை எந்த வீட்டுக்கு சார் திருப்பி அனுப்பறது?"