பெரிய வளைவில் ஒரு மழைக்கோட்டு

விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் நூலகத்துக்காரி சைக்கிளோடு புதருக்குள் பாய்ந்தாள். விழவில்லை, வேண்டுமென்றேதான் பாய்ந்தாள். பக்கத்து நடைபாதையில் அவள் வீட்டுக்காரர், பஸ் டிரைவர், கையை வீசிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

'இந்த மனுஷன் எப்போ வாக்கிங் ஆரம்பிச்சாரு?'

அவள் கவலை அவளுக்கு. வருகிற திங்கட்கிழமையிலிருந்து வீடு வீடாகச் சைக்கிளில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. "சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று நூலகர் கேட்டதும், "ஓ, நல்லா ஓட்டுவேன் சார்" என்று வாய் முந்திக்கொண்டது. வீட்டில் சொல்லலாம் என்றால், ரோட்டில் போகிறவர்களையெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திட்டித் தீர்க்கிற மனிதர் அவளை மட்டும் விடுவாரா? அதனால்தான் இருட்டியபின் பூங்காவின் சைக்கிள் பாதை, வாசல் கடையில் வாடகைச் சைக்கிள்.

மறுநாள் மகனின் மழைக்கோட்டையும் பைக் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு வந்தாள். சொட்டு மழை இல்லை. நடக்க வந்தவர்கள் மிரண்டு ஒதுங்கினார்கள். சரி, கண்ணில் படாமலே போய்விடலாம் என்று அடுத்த நாள் சைக்கிள் விளக்கையும் அணைத்தாள். 'முகமூடித் திருடன்' என்று பூங்கா முழுக்கப் பேச்சாகிவிட்டது.

டிரைவர் வீட்டில் கொதித்தார்.

"எவனோ ஒருத்தன் ஆடிக்கிட்டே சைக்கிள்ல போறான். நாளைக்கு அவனைப் புடிக்காம விடமாட்டேன்!"

"உங்களுக்கு எதுக்குங்க வம்பு? நீங்க பாட்டுக்கு நடந்துட்டு வாங்களேன்."

"அதெப்படி? அந்தப் பாதை காலியா இருக்கணும்ல?"

"யாருக்கு?"

"பொதுமக்களுக்குடி!"

ஞாயிற்றுக்கிழமை. போகாவிட்டால் வேலை போச்சு, போனால் மானம் போச்சு. போனாள்.

பெரிய வளைவில் விசிலோடு அவர் நடுப்பாதையில் நின்றார். அவள் பிரேக்கைத் தேடினாள். விரலுக்கு மணிதான் அகப்பட்டது. கிணிங் கிணிங் என்று அடித்துக்கொண்டே போய் அவர் மேலேயே ஏறினாள். இரண்டு பேரும் பூச்செடிக்குள்.

ஹெல்மெட் கழன்று உருண்டது.

"அடிப்பாவி, நீயா!"

"நான்தான். விடிஞ்சா சைக்கிள் வேலை, எனக்கு ஓட்டத் தெரியாது. சிரிக்கிறதுன்னா சிரிச்சுத் தொலைங்க."

அவர் சிரிக்கவில்லை. சட்டையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஹேண்டிலையே பாத்துக்கிட்டிருந்தா இப்படித்தான். தூரமாப் பாக்கணும். உடம்பைத் தளர்த்தி விடணும்."

"எங்க, ஏறி ஓட்டிக் காட்டுங்க பாப்போம்."

"இப்பவா? முட்டியில அடி பட்டிருக்குல்ல?"

சத்தம் கேட்டு வாடகைக் கடைக்காரர் டார்ச்சோடு ஓடிவந்தார். சைக்கிளைப் பார்த்தார், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார், தினம் அம்மா விழுந்து முடிச்சப்புறம்தானே நீங்க விழ வருவீங்க, இன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே கத்துக்கறீங்களா?"