சிவப்பு மூடியும் நீல மூடியும்

மெத்தை மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேல்படியில் மார்லிஸ், கீழ்ப்படியில் அவள் கணவன் டுவேன்.

"வலிக்குதா?" என்றான் அவன்.

"எனக்கென்ன? உனக்குத்தான் மூச்சு வாங்குது."

அவள் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

அந்த முழங்காலைக் காட்டித்தான், மாடியில்லாத வீட்டுக்குப் போய்விடலாம் என்று டுவேன் ஆரம்பித்திருந்தான். மார்லிஸுக்கு மாடி ஜன்னலை விட மனமில்லை. மாலையில் அங்கே நின்று மலை சிவப்பதைப் பார்க்கும்போதுதான் அவள் தன்னோடு பேசிக்கொள்வாள். கால் குணமானால் வீடு மாற்றுவதில்லை என்று ஒப்பந்தம்.

காயம் சீக்கிரம் ஆற பெப்டைட் என்ற புரதத் துணுக்கு மருந்தை ஊசியாகக் கொடுக்கும் கிளினிக்குக்குப் போனார்கள். கோல்ஃப் ஆடித் தோளைக் கெடுத்துக்கொண்டிருந்த டுவேனும் சேர்ந்துகொண்டான். அவள் ஒரு பெப்டைடைச் சொன்னாள். அவன் அடம்பிடித்து வேறொன்றைச் சொன்னான். நர்ஸ் யோலாண்டா வீட்டில் தாங்களே ஊசி போட்டுக்கொள்ளும் விதத்தை ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் காட்டி, அவளுக்குச் சிவப்பு மூடிக் குப்பியும் அவனுக்கு நீல மூடிக் குப்பியும் கொடுத்து நிறைய விளக்கினாள். எது உசத்தி என்ற சண்டையில் இருவர் காதிலும் ஒன்றும் ஏறவில்லை.

சிவப்பு மூடிக்காரி முதல் வாரமே வலி பாதி போனதாகச் சொன்னாள். நீல மூடிக்காரன் தனக்கு முக்கால்வாசி போனது என்றான். அவள் வேண்டுமென்றே மாடியேறித் துணி மடித்தாள். அவன் தோட்டத்துக் கல் பெஞ்சை நகர்த்தினான். பிறகு அவள் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு காலில் ஐஸ் வைத்தாள். ஐஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதுதான் புரியவில்லை. சொல்லச் சொல்ல வலி கொஞ்சம் குறைந்தது போலவும் இருந்தது. தன் பொய்யைத் தானே நம்புவது அவளுக்கே வியப்பாக இருந்தது.

அவளுக்காக மெத்தையைக் கீழே போட்டிருந்தார்கள். இன்று காலை, அதை மேலே ஏற்றிவிடலாம் என்று அவளே வாயைக் கொடுத்தாள்.

"உன்னால முடியலன்னா இறக்கிடலாம்," என்றான் டுவேன்.

"உன்னாலன்னு சொல்லு."

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். நடுவே மெத்தை.

"சும்மா வேடிக்கை பாக்கத்தான் உக்காந்தேன்," என்றான்.

"மெத்தையையா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம், உடனே ஒரு முனகல். மார்லிஸுக்கு மனம் இளகியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது, திறந்திருந்த வாசலில் யோலாண்டா ஐஸ் பெட்டியோடு நின்றாள்.

இருவரும் விறைத்து நிமிர்ந்தார்கள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க," என்றாள் மார்லிஸ். "நீங்களே சொல்லுங்க, யாரோட மருந்து உசத்தி?"

யோலாண்டா மெத்தையையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அதை அடுத்த மாசம் கேளுங்க. இதுவரைக்கும் போட்டது, கை பழகறதுக்குக் குடுத்த வெறும் உப்புத் தண்ணி. மருந்து இன்னிக்குத்தான் கொண்டு வந்திருக்கேன்."