பூங்காவனம் தன் வீட்டுக்கு விருந்துக்குப் போன கதை

ஒரு காட்டில், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற மேற்குப் பக்கத்தில், பூங்காவனம் என்று ஒரு முள்ளம்பன்றி குடித்தனம் நடத்திவந்தாள். அவளுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. காலையில் ஒரு டம்ளர் காபி. அதைச் சூடாக, உட்கார்ந்து, நாலைந்து மடக்காகக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். காட்டில் காபிக்குப் பால் ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்; கதை கேட்க லாயக்கில்லாதவர்கள்.

அவள் கணவர் ஏகாம்பரம் பேப்பர் படிப்பார். வேறு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், படித்து முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பேப்பர் முடியவில்லை.

முள்ளம்பன்றிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டுக்காரி முள்ளை நிமிர்த்தக் கூடாது. எத்தனை கோபம் வந்தாலும் முதுகோடு படிய வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். விருந்தாளி மட்டும் நினைத்த நேரத்தில் நிமிர்த்திக்கொள்ளலாம். யார் செய்த ஏற்பாடு என்று தெரியவில்லை. நிச்சயம் ஒரு வீட்டுக்காரி செய்ததாக இருக்காது.

அந்தத் திங்கட்கிழமை பூங்காவனம் காபியை ஆற்றிக்கொண்டு உட்காரப்போன நேரம், இரண்டு கரடிகள் ஒரு வாஷிங் மெஷினைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் இறக்கின.

“ஏங்க, என்னங்க இது?”

“ஆடித் தள்ளுபடி,” என்றது பேப்பர்.

“நம்மகிட்ட துவைக்கத் துணியே கிடையாதேங்க! நாம முள்ளம்பன்றி!”

“பாதி விலைன்னு போட்டிருந்தான், பூங்காவனம். துணியை அப்புறம் பாத்துக்கலாம்.”

கரடிகள் மெஷினை எந்த மூலையில் வைப்பது என்று முக்கால் மணி நேரம் யோசித்தன. காபியில் ஆடை படிந்துவிட்டது. நாளைக்குக் குடித்துக்கொள்ளலாம் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மெஷின் வந்தால் அதற்குக் குழாய் வேண்டும். மறுநாள் பிளம்பர் சடையாண்டி வந்தார். தண்ணீர்ப்பாம்பு. அந்த வட்டாரத்திலேயே கைராசிக்காரர் என்று பெயர், கை கிடையாது என்றாலும். குளியலறைக் குழாய் வழியாக உள்ளே போனவர், அரை மணி கழித்து அடுப்பங்கரைக் குழாயில் தலையை நீட்டினார்.

“அம்மா, உள்ள பெரிய ஓட்டை. ஒழுகாம அடைச்சு வெச்சிருக்கேன்.”

“எதை வெச்சு அடைச்சீங்க?”

“என்னை வெச்சுத்தான். இப்ப நான் வெளிய வந்தா வீடெல்லாம் தண்ணி. புது பைப்பு வர்ற வரைக்கும் இப்படியே இருந்துக்கறேன், எனக்கு ஒண்ணும் சிரமமில்ல. மதியத்துக்கு என்ன குழம்பு?”

சாப்பாட்டை விசாரித்துவிட்டால் விருந்தாளிதானே? பூங்காவனம் நிமிரப்போன முள்ளை அமுக்கிக்கொண்டு, “வத்தக்குழம்புங்க,” என்று சிரித்தாள். அன்றைக்கும் காபி ஆறியது.

புதன்கிழமை, மெஷின் வந்த செய்தி கேட்டு நாத்தனார் சிந்தாமணி வந்து இறங்கினாள். ஏகாம்பரத்தின் அக்கா. ஒரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், பின்னால் மாட்டுவண்டியில் பதினோரு மூட்டை அழுக்குத் துணி.

“அண்ணி, யார் துணி இதெல்லாம்?”

“எங்க ஊர்க் குரங்குங்க இப்ப சட்டை போட ஆரம்பிச்சிருக்குங்க. தம்பி வீட்ல மெஷின் சும்மாத்தானே கெடக்குன்னு நான்தான் பொறுப்பெடுத்துக் கொண்டாந்தேன். பழத்தை உள்ள வை. காபி போடு. சூடா இருக்கட்டும், ஆறின காபி எனக்கு ஆகாது.”

சூடாகப் போட்டாள். அண்ணிக்கு ஒரு டம்ளர். அதைக் குடித்துவிட்டு அண்ணி, “ஏதோ கொறையுதே,” என்று முள்ளைச் சிலிர்த்ததால் இன்னொரு டம்ளர். குழாயிலிருந்து சடையாண்டி “அம்மா, எனக்கு சர்க்கரை கம்மியா,” என்றதால் இன்னொன்று. கடைசியில் தனக்கு வைத்திருந்ததை எடுக்கும்போது அதில் ஒரு குரங்குச் சட்டையின் பொத்தான் மிதந்தது.

வியாழன் சாயங்காலம் சிந்தாமணி பையை எடுத்துக்கொண்டு, “சரி, கிளம்பறேன்,” என்றாள். பூங்காவனத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் பாருங்கள், வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே. கிளம்புகிறவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் விடக் கூடாது என்று சின்ன வயதிலேயே ஊட்டிவிட்டார்கள். வாய் தானாகத் திறந்தது.

“என்ன அண்ணி அவசரம்? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே.”

இதற்கு “இல்லம்மா, இன்னொரு நாள் வரேன்” என்பதுதான் பதில். காடு தோன்றிய நாள் முதல் அதுதான் பதில். சிந்தாமணி பையைக் கீழே வைத்தாள்.

“நீ இவ்வளவு வற்புறுத்துறப்ப எப்படிப் போறது?”

பூங்காவனம் அடுப்பங்கரைக்குப் போய், அரிசி டப்பாவுக்குள் தலையை விட்டு, ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் கத்தினாள்.

வெள்ளிக்கிழமை ஆலமரத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நாளை இருப்பிடக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு வளையிலும் வீட்டுத் தலைவி யார், விருந்தாளி யார் என்று பதிவாகும். தலைவி படிவம் ஒன்பதோடு தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறொருவர் பெயரில் வளை போய்விடும். இந்த வளையைப் பூங்காவனம் தன் கையால் தோண்டினாள். ஏகாம்பரம் அப்போதும் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் படிவம் வாங்க ஓடினாள். “வர்றப்ப ஒரு சீப்பு வாழைப்பழம்!” என்று சிந்தாமணி வாசல்வரை வந்து கத்தினாள். “நான் கொண்டாந்ததை நானே தின்னுட்டேன்!”

வரிசையில் நாலு மணி நேரம் நின்றாள். முன்னால் ஒரு மரவட்டை. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகக் கைநாட்டு வைத்தார்கள். இவள் முறை வந்தபோது ஜன்னலில் இருந்த ஆமை, “படிவம் தீர்ந்துபோச்சு. திங்கக்கெழமை வாங்க,” என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குமேல் யாரிடம் பேசுவது?

அழாத குறையாகத் திரும்பினாள். ஒரு கையில் வாழைப்பழம், மறு கையில் பை, சாவி பைக்குள். என்ன செய்வாள்? மூக்கால் அழைப்பு மணியை அழுத்தினாள்.

சிந்தாமணி கதவைத் திறந்து, “அடடே, வா வா!” என்றாள்.

கூடத்தில் கணக்கெடுப்பு அதிகாரி கொக்கு வேதாசலம் ஒற்றைக் காலில் நின்றபடி, தூக்கிய காலில் டேப்லெட்டைப் பிடித்திருந்தார். வாசலைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். அலகால் ஒரு தட்டு தட்டினார்.

“விருந்தாளி, ஒன்று,” என்றார்.

“சார்! நான் விருந்தாளி இல்ல சார்! இது என் வீடு!”

“சொந்த வீட்டுக்கு யாரும்மா மணி அடிப்பாங்க? பழம் வேற கொண்டாந்திருக்கீங்க. ‘வாங்க’ன்னு சொல்றவங்க தலைவி, பழத்தோட வர்றவங்க விருந்தாளி. விதி நாலு.”

“அவங்கதான் சார் விருந்தாளி!”

“என்னை அவங்கதான் ‘வாங்க’ன்னாங்க. காபி சாப்பிடறீங்களான்னும் கேட்டாங்க.” கொக்கு திரையை வாசித்தது. “தலைவி சிந்தாமணி. தண்ணீர்க் குழாய், பேசக்கூடியது, ஒன்று. பழைய சோபா, ஒன்று.”

“சோபாவா? அது என் வீட்டுக்காரர்!”

எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு பக்கம் திருப்பினார்.

“ஆட்சேபணை இருந்தா படிவம் பதினாலு,” என்றது கொக்கு. “ஆமை கவுண்டர். எட்டு மாசம் ஆகும்.”

பூங்காவனம் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு நாளில் முதல்முறையாக உட்கார்ந்தாள் என்பது உட்கார்ந்தபிறகுதான் தெரிந்தது.

கொக்கு சிந்தாமணி பக்கம் கழுத்தை நீட்டியது. “என்னம்மா, விருந்தாளி வந்து இவ்வளவு நேரமாச்சு? காபி கீபி கிடையாதா? உபசரிக்காத வீட்டுக்குத் தண்ணி இணைப்பு கட். விதி ஏழு.”

குழாயிலிருந்து சடையாண்டி பதறினார்: “ஐயோ, கட் பண்ணாதீங்க, உள்ள நான் இருக்கேன்!”

சிந்தாமணி அடுப்பங்கரைக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பூங்காவனம் பழக்கதோஷத்தில் எழுந்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

காபி வந்தது. ஆவி பறந்தது. ஒரு மடக்கு குடித்தாள். நாக்கு சுட்டது. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டாம் மடக்கில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. ஒரு வாரமாக அமுக்கி வைத்திருந்த முள்ளெல்லாம் கலகலவென்று நிமிர்ந்தது. அந்தச் சுகத்தைச் சொல்லி முடியாது. முதுகு என்று ஒன்று தனக்கு இருந்ததே அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“அண்ணி,” என்றாள், “சர்க்கரை கொஞ்சம் கம்மி.”

சிந்தாமணி முள்ளைப் படிய வைத்துக்கொண்டு சிரித்தாள்.

விதிப்படி விருந்தாளி ஏழு நாள்தான் தங்கலாம். அந்த ஏழு நாளும் சிந்தாமணி குரங்குச் சட்டை துவைத்தாள், குழாய்க்கு ரசம் ஊற்றினாள், சோபாவுக்குப் பேப்பர் கொண்டுவந்தாள். பூங்காவனம் நாற்பத்தொரு டம்ளர் காபி குடித்தாள். படிவம் பதினாலு அவள் நினைவுக்கே வரவில்லை.

எட்டாம் நாள் அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். போக இடம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

“சரி அண்ணி, கிளம்பறேன்.”

சிந்தாமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே ஊட்டல், ஒரே வளர்ப்பு. விரலிடுக்கு வழியாக வார்த்தை வந்தேவிட்டது.

“என்ன அவசரம்? இன்னும்... ரெண்டு நாள்... இருந்துட்டுப் போலாமே.”

பூங்காவனம் பையைக் கீழே வைத்தாள்.

“நீங்க இவ்வளவு வற்புறுத்துறப்ப எப்படி அண்ணி போறது?”

*

நீதி: விருந்தோம்பல் தலையாய அறம். ஆகவே அந்தப் பெருமையை எப்பாடு பட்டாவது அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உன் வீட்டுக்கு நீயே போய்ச் சேர்.