நான் போடாத டிஸ்க்

"கடைக்காரன்லாம் எதுக்கு? லேப்டாப்புக்குப் புது டிஸ்க்கை நானே மாத்தறேன்"னு பொண்டாட்டிகிட்ட மார்தட்டினேன். வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்.

அந்த லேப்டாப்புலதான் அவ ஆன்லைன்ல தையல் வகுப்பு எடுக்கறா. அதுக்குப் பத்து வயசு. ஆன் பண்ணிட்டுப் போய் குளிச்சு, தலை துவட்டிட்டு வந்தாலும் திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். சனிக்கிழமை பத்து மணிக்குப் புது வகுப்பு. முப்பது பேர்.

"எப்பங்க மாத்துவீங்க?"

"ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன்மா."

"இந்த ஆராய்ச்சிக்கு ராக்கெட்டே விட்டிருக்கலாம்."

நாலு நாள் வீடியோ பார்த்து, இருக்கறதுலயே வேகமான டிஸ்க்கா வாங்கினேன். சூயிங்கம் மாதிரி ஒல்லிக்குச்சி. சனிக்கிழமை காலையில கதவைச் சாத்திட்டு, லேப்டாப்பைக் குப்புறப் போட்டு மூடியைக் கழட்டினேன்.

குச்சி சொருக இடமே இல்லை. உள்ளே சீட்டுக்கட்டு சைஸுல ஒரு தட்டை டிஸ்க் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. பழைய லேப்டாப்புக்குத் தட்டை ரகம்தான் சேரும்னு அப்பத்தான் உறைச்சது.

"முடிஞ்சுதா? மணி ஒம்பதே முக்கால்!"

குச்சி பாக்கெட்டுக்குள்ள போச்சு. மூடி பழையபடி மாட்டிக்கிச்சு. வாய் தானா சொல்லிச்சு: "போட்டாச்சு! இனிமே பறக்கும் பாரு."

அவ ஆன் பண்ணினா. நான் தரையைப் பார்த்தேன். பத்தே செகண்டு. திறந்துடுச்சு!

"எல்லாம் என் வீட்டுக்காரர் கைவேலை"னு வகுப்புல சொன்னா. முப்பது பேரும் கை தட்டினாங்க. ஒவ்வொண்ணும் என் கன்னத்துல விழுந்த மாதிரி இருந்தது.

மத்தியானம் அவ தம்பி தன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துட்டான். "மாமா, அக்கா சொன்னா. எனக்கும் மாத்திக் குடுங்க."

அடுப்படிக்கு ஓடினேன். "ஏம்மா... நான் எதையும் மாத்தலை. அது எப்படி ஓடுதுன்னே தெரியலை."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"வியாழக்கிழமையே கடையில மாடல் நம்பரைச் சொல்லித் தட்டை டிஸ்க் வாங்கி, பழசுல இருந்ததை எல்லாம் ஏத்தி, நானே மாட்டிட்டேன். நீங்க உள்ளே பார்த்தது அதைத்தான்."

புதுசை நேருக்கு நேர் பார்த்துட்டு, பழசுன்னு மூடியிருக்கேன்.

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"அந்தப் பொய் எவ்வளவு நேரம் தாங்கும்னு பார்த்தேன்."

"சரி... தம்பிக்கு என்ன பதில் சொல்றது?"

"அவனுதை நான் மாத்தறேன். நீங்க பக்கத்துல நின்னு டார்ச் அடிங்க. கை ஆடாம."