கலெக்டர் விருந்துக் கோட்டு

கோட்டைப் போட்டுப் பார்த்த அன்று அலங்காநல்லூர் வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: காசிமாயன், மனைவி அன்னக்கொடி, மதுரைத் தையல்காரர் ஜனகராஜ், காசிமாயனின் அத்தை சீனியம்மாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் மதுரைக் கலெக்டர் கொடுத்த இரவு விருந்தை, அதே உடையோடு, அதே சாப்பாட்டோடு மறுபடி நடத்திக்காட்ட இருந்தது நகரத்து கிளப் ஒன்று. அன்று விருந்துண்டவர்களின் வாரிசுகளுக்கு மேசையில் இடம். காசிமாயனின் தாத்தா மலையாண்டி அந்த விருந்திலிருந்து கோட்டோடு வீடு திரும்பியதை ஊரே பார்த்திருக்கிறது. ஆகவே ஒரு நாற்காலி இந்தக் குடும்பத்துக்கு உரியது.

“முன்னால இடுப்போட நின்னுருச்சே. துணி பத்தலையா?” என்றார் காசிமாயன்.

“துரைமாரு கோட்டு அப்படித்தாண்ணே. முன்னால குட்டை, பின்னால வாலு,” என்று கிளப் கொடுத்த படத்தைக் காட்டினார் ஜனகராஜ். உள்ளே போடும் கையில்லாத சட்டை மட்டும் வெள்ளையாக இருக்க வேண்டும். விருந்தாளிக்கு அதுதான் அடையாளம் என்றார்.

புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் அந்த வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. அன்னக்கொடி வைத்தாள். வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, தாராளமாக.

“ஓரத்துல வச்சா ஆகாதா?”

“நல்ல காரியத்துக்குப் போறீக. ஒளிச்சா வைப்பாக?”

காசிமாயன் சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் சிவந்து, யாரோ வெற்றிலை துப்பியது போலாயிற்று. எலுமிச்சம்பழம் தேய்த்தார். திரும்பவும் மஞ்சளாயிற்று, முன்னிலும் அகலமாக. புதிதாகத் தைக்க நேரமில்லை. சாயப் பொட்டலம் வாங்கிச் சட்டையைக் கறுப்பில் முக்கி எடுத்தார். போகாமல் இருப்பது என்ற பேச்சே இல்லை.

கிளப் வாசலில் செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கறுப்பு உள்சட்டை பரிமாறுகிறவர்களுக்கு என்று சொல்லி, சூப்புத் தட்டைக் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டார். காசிமாயன் நிமிர்ந்து நடந்து, காலியாயிருந்த நாற்காலிக்கு முன் தட்டை வைத்து, அதிலேயே உட்கார்ந்து, சூப்பைக் குடித்து முடித்தார். அவரை எழுப்ப ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

மறுநாள் ஊர் பஸ் நிறுத்தத்தில் வேறு பேச்சு. பேரன் தட்டுத் தூக்கினான் என்றால், தாத்தாவும் அன்றைக்குப் பரிமாறத்தான் போயிருப்பார் என்றார்கள்.

கொதித்துப்போன காசிமாயன் அத்தையிடம் வந்து சொன்னார். சீனியம்மாள் மலையாண்டியின் மகள். தகப்பன் பேருக்கு இழுக்கு என்றால் பொறுக்கமாட்டாள். அப்போதே பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

“எங்கய்யா பரிமாறுனாருங்கிறது பச்சைப் பொய். பரிமாறுன ஒருத்தரு கோட்டத்தான் இரவல் வாங்கிப் போட்டுட்டு வந்தாரு. எங்கய்யா வெளிய உக்காந்து, துரைமாரு தலைக்கு மேல தொங்குன விசிறிக்குக் கயிறு இழுத்தாரு.”