பொறுப்பான பராமரிப்புக்கு ஒரு நாள் பயிற்சி

குழந்தைகள் மீது எங்கள் அலுவலகம் வைத்திருக்கும் அன்புக்கு ஈடாக உலகில் எதையும் சொல்ல முடியாது. ஒரு குழந்தைகூட இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் அந்த அன்பை இருபது ஆண்டுகளாகக் குறையாமல் காத்து வருகிறோம். பெயர், ‘குழந்தைப் பராமரிப்பாளர் ஆதரவுப் பிரிவு’. தட்டச்சர் ஒருமுறை ‘பராமுகப் பிரிவு’ என்று அடித்துவிட்டார். அந்தக் கடிதம் பதினோரு கையெழுத்துகளைக் கடந்து வெளியே போனது.

நான் அதன் உதவி இயக்குநர். சென்ற மாதம் ‘பொறுப்பான பராமரிப்பு’ என்ற ஒரு நாள் பயிற்சியை நடத்தினேன். நகரில் பகல்நேரக் குழந்தைக் காப்பகம் வைத்திருக்கும் நாற்பது பேரும் வர வேண்டும், சான்றிதழ் இல்லாதவருக்கு உரிமம் கிடையாது என்று சுற்றறிக்கை போனது. ஆதரவு என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் பின் தெருவில் காப்பகம் நடத்தும் அம்மாள் முந்தின நாள் போன் செய்தார்.

“சார், என்கிட்ட பதினாலு பிள்ளைங்க. துணைக்கு இருந்த பொண்ணும் நின்னுட்டா. நான் அங்க வந்துட்டா இதுங்கள யார் பாத்துக்கறது?”

“நல்ல கேள்விம்மா. மூணாவது அமர்வுல அதுக்குன்னே ஒரு தலைப்பு இருக்கு. வந்து கேட்டுக்குங்க.”

வந்தார், பதினான்கு குழந்தைகளோடு. நீளக் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டிருந்தார்; குழந்தைகள் முடிச்சுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தன. பயிற்சி அரங்கில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, உரைக்கு இடைஞ்சல். எதிரே இருந்த பழைய கோப்பு அறையைப் பெருந்தன்மையோடு திறந்துவிட்டு, ஓர் ஊழியரைக் காவலுக்கு வைத்தேன். அவர் கோப்புகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்.

நிபுணர் திரையில் முதல் வாக்கியத்தைக் காட்டினார்: ‘குழந்தையிடமிருந்து ஒரு கணமும் கவனத்தை எடுக்காதீர்கள்.’ அம்மாள் கதவுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா, இங்க பாருங்க. கவனம் வெளிய போகக் கூடாது,” என்றார் நிபுணர்.

பத்து நிமிடத்தில் அம்மாள் எழுந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

“பதிமூணு குரல்தான் கேக்குது.”

“உக்காருங்கம்மா. பாதியில போனா சான்றிதழ் கிடையாது.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஓடினார். மற்ற முப்பத்தொன்பது பேரும் பாதி எழுந்து, என் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். வெளியேறுபவர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. எனவே பதிவேட்டோடு பின்னால் போனேன்.

கட்டடத்தின் பின்புறம் தரையோடு ஒரு தண்ணீர்த் தொட்டி. மூடி உடைந்து ஆறு மாதம். இரண்டு வயதுப் பையன் ஒருவன் விளிம்பில் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் தெரிந்த பையனோடு பேசிக்கொண்டிருந்தான். அம்மாள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவான்; திரும்பினால் வழுக்குவான். செருப்பைக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் போய், கால்சட்டையைப் பிடித்துத் தூக்கினார். அப்படியே தரையில் உட்கார்ந்து அவனை மடியில் இறுக்கிக்கொண்டார். அவனை இறுக்கியிருந்த கையில்தான் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்து கோணலாக விழுந்தது, ஏற்றுக்கொண்டேன்.

மாலையில் முப்பத்தொன்பது சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. ‘கண்காணிப்பு’ அமர்வில் இல்லாத அம்மாளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது, உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டது. கையெழுத்து என்னுடையது, கோணாமல் இருந்தது. தொட்டி மூடிக்கான கோப்பு உரிய வேகத்தில் நகர்கிறது.

அடுத்த திங்கட்கிழமை என் மனைவி வேலைக்குத் திரும்பினாள். காலை எட்டு மணிக்கு எட்டு மாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பால் புட்டிப் பையோடு அம்மாள் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். வேறு போக்கிடம் கிடைக்காத நான்கு குழந்தைகள் மட்டும் அவர் புடவையைப் பிடித்தபடி நின்றன.

“மூடச் சொல்லி நீங்கதான சார் நோட்டீஸ் அனுப்பினீங்க?”

“அது ஆபீஸ் விஷயம்மா. இது வீட்டு விஷயம்.”

அவர் கையை நீட்டவில்லை.

“சான்றிதழ் வாங்கினவங்க முப்பத்தொம்பது பேர் இருக்காங்களே. அவங்ககிட்ட விடலாமே?”

“எப்படிம்மா நம்பி விடறது?” என்றேன். “அவங்களுக்குப் பயிற்சி குடுத்தது நாங்கதானே.”