விளம்பரம் இல்லாத மாமனார்

மூன்றாவது தடவையும் கம்ப்யூட்டர் மாமனாரை விழுங்கிவிட்டது.

அழகுமலை தலையில் கை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். காளவாசலில் மூட்டுவலித் தைலம் விற்கும் அவன் மாமனார் நல்லகாமனை உள்ளூர் டிவி ஒன்று அரை மணி நேரம் பேட்டி எடுத்து ஒளிபரப்பியிருந்தது. அதைப் பதிவு செய்தாகிவிட்டது. நடுவில் வரும் விளம்பரங்களை வெட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானிலிருந்து வரும் சொந்தபந்தங்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எட்டு வருஷமாக ‘ஒண்ணுக்கும் ஆகாத மாப்ள’ என்ற பட்டத்தோடு காலம் தள்ளுகிறவன். இதை விட்டால் நல்ல பேர் வாங்க வேறு வழியே கிடையாது, பாவம்.

விளம்பரத்தைத் தானே கண்டுபிடித்து நீக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கியிருந்தான். அது பற்பசையை நீக்கியது. பட்டுப்புடவையை நீக்கியது. கூடவே மாமனாரையும் அடியோடு நீக்கிவிட்டது. மிச்சமிருந்தது, ‘அடுத்து, இன்றைய ராசிபலன்’ என்ற பத்து விநாடி.

“என்னங்க, எங்கப்பாவைக் காணோம்?” என்றாள் மனைவி முனீஸ்வரி.

“அதான் நானும் தேடிக்கிட்டிருக்கேன்.”

“எட்டு வருஷமா அவரை ஓரங்கட்டணும்னு பாத்தீங்க. முடியலைன்னதும் இப்ப மிஷினை ஏவி விட்டிருக்கீங்க!”

“அடியேய், நான் ஒண்ணும் பண்ணலடி! இந்தக் கருமம் பிடிச்சது பண்ணுது!”

மென்பொருளின் கெடுபிடியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தான். இப்போது பற்பசை தங்கியது, பட்டுப்புடவை தங்கியது, மாமனார் மட்டும் போய்விட்டார். இதென்ன அநியாயம்! சனியனே வேண்டாம், நாமே கையால் வெட்டுவோம் என்று உட்கார்ந்தான். பாதி வேலையில், இடம் போதவில்லை, பழைய பதிவை அழிக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அலுப்பில் ‘சரி’யை அமுக்கினான். அமுக்கிய பிறகுதான் அழிந்தது எது என்று உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அழகுமலையின் கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில் இருபது பேர். நடுநாயகமாக, கஞ்சி போட்ட வேட்டியில் நல்லகாமன்.

“வேணாம்யான்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். டிவிக்காரய்ங்க விடல. கால்ல விழாத குறை. மாப்ள, போடுங்க பாப்போம்!”

அழகுமலை திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “அழிஞ்சு போச்சு மாமா.”

“எது, விளம்பரமா?”

“நீங்க.”

மாமனாரின் மீசை துடித்தது. “விளம்பரத்தை வெட்டச் சொன்னா என்னைய வெட்டிருக்கீரே! ஒம்மக்கிட்டப் பொண்ணைக் கொடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்!”

முனீஸ்வரி மூக்கைச் சிந்தினாள். “நான் அப்பாகூடவே போறேன். இனிமே இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்.”

செத்துப்போகலாம் போலிருந்தது அழகுமலைக்கு. கடைசி நம்பிக்கையாகப் போனை எடுத்தான். “மாமா, கோவிச்சுக்காதீங்க. டிவி ஆபீஸ்லயே கேட்டு வாங்கிடுறேன். அவங்ககிட்ட இல்லாமலா போகும்?”

மாமனாரின் சத்தம் சட்டென்று இறங்கியது. “அதெல்லாம் எதுக்கு மாப்ள? போனது போகட்டும், விடுங்க. ஏம்ப்பா, வந்தவங்களுக்கு இலையைப் போடுங்கப்பா.”

“அதெப்படிண்ணே விடுறது? இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம்ல!” என்றார் அவர் தம்பி மலையாண்டி. “ஸ்பீக்கர்ல போடுங்க மாப்ள, எல்லாரும் கேக்கட்டும்.”

அழகுமலை போட்டான். டிவி ஆபீஸில் ஒரு பெண் எடுத்தாள். மாமனார் பெயர், ஒளிபரப்பான தேதி எல்லாம் சொல்லி, அந்தப் பேட்டி வேண்டும் என்று கெஞ்சினான். அவள் தட்டித் தட்டித் தேடும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

“பேட்டின்னு தேடினா வரலையே சார்... ஆங், கிடைச்சிருச்சு. கேள்வி, பதில் ரெண்டையும் ஐயாவே எழுதிக் கொடுத்து, காசு கட்டிப் போட்டதுதானே? அது பேட்டி இல்ல சார், விளம்பரம்!”